உங்களுக்குத் தெரியுமா? லாக்கிங் பிளேயர் முதல் கழலாத நட்டு வரை

கல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்கே காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகள். இடையில் ஆவடி. இரும்பை உருக்குவது ஓர் ஆலை, டயர் செய்வது இன்னொன்று, காரைப் பூட்டுவது வேறொன்று. எல்லா ஆலையிலும் மெஷினைப் பிடித்து நிறுத்துவது நட்டும் போல்ட்டும்தான். அவற்றை முறையாகக் கழற்றி மாட்டத் தெரிந்த ஃபிட்டரின் கையை நம்பித்தான் ஷிஃப்ட் ஓடுகிறது. அந்தக் கைக்கு உதவும் செய்திகள் இந்த வாரம்.

பூட்டு எங்கே விழுகிறது?

லாக்கிங் பிளேயரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைகளில் கிரிப் பிளேயர் என்றும் வைஸ் கிரிப் என்றும் கேட்டு வாங்குவது இதைத்தான். அசையும் கைப்பிடியை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே மூன்று புள்ளிகள் தெரியும். கீழ்த்தாடை கைப்பிடியோடு சேரும் ஆணி ஒன்று. கைப்பிடியில் குட்டைத் தகடு சேரும் ஆணி இரண்டாவது. அந்தத் தகட்டின் மறுமுனை, பின்னால் இருக்கும் திருகின் நுனியில் முட்டும் இடம் மூன்றாவது. அழுத்த அழுத்த இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். அந்தக் கோட்டை நடு ஆணி ஒரு நூலளவு தாண்டும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தாடையில் எவ்வளவு எதிர்விசை வந்தாலும் அது கைப்பிடியை இன்னும் மூடும் பக்கம்தான் தள்ளும், திறக்கவிடாது. முழங்காலை நேராக்கி நிற்பவருக்குத் தொடை வலிக்காததைப் போல, பூட்டிய பிளேயருக்கும் கைபலம் தேவையில்லை. விடுவிக்க, உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை ஒரு விரலால் அழுத்தினால் போதும்.

கடைசி அரைச் சுற்று

நேர்கோட்டை நெருங்கும்போது கைவிசை பல மடங்காகிறது. கைப்பிடி வெகுதூரம் நகர, தாடை முடியளவே நகர்வதுதான் காரணம். அதனால் பின்திருகை வைக்கும் விதத்தில்தான் பிடியின் பலம் இருக்கிறது. கைப்பிடி மூடிய நிலையில் தாடை பொருளைத் தொடும்வரை திருகை வையுங்கள். பிறகு திறந்து, அரைச் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடி அழுத்துங்கள். இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தால் திருகை அதிகம் இறுக்கிவிட்டீர்கள். கைப்பிடியைச் சுத்தியால் தட்டி மூடினால் ஆணி வளையும், அடுத்த முறை பூட்டு சரியாக விழாது.

கண்டுபிடித்தவர் ஒரு கொல்லர்

இதை உருவாக்கியவர் வில்லியம் பீட்டர்சன். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இரும்புக் கொல்லர். நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்தார். ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்யும் சிரமம் அவருக்குப் பட்டறையிலேயே தெரியும். முதல் காப்புரிமை 1921-ல் கிடைத்தது. பூட்டிக்கொள்ளும் கைப்பிடியைச் சேர்த்து 1924-ல் அடுத்த காப்புரிமை. சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நேரில் விற்றுப் பழக்கியவர், 1934-ல் கம்பெனி தொடங்கினார். விரலால் விடுவிக்கும் நெம்புகோல் 1957-ல்தான் வந்தது.

ஓர் ஊரின் வேலை

ஏறத்தாழ 500 பேர் வாழும் டிவிட் ஊரில் அந்த ஆலை சுமார் 330 பேருக்கு வேலை கொடுத்தது. 2008 அக்டோபரில் ஆலை மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. ஒரு கருவியின் பெயரும் தரமும் உலகெங்கும் பரவிய பிறகும் அதைச் செய்த கைகள் வேலை இழக்கலாம். தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் நம் ஊர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

கார் ஆலைக்குள் அதே தத்துவம்

திருவள்ளூருக்கு அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் அமைத்த ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதே ஆலையிலிருந்துதான் இப்போது சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 2021-ல் சி5 ஏர்கிராஸ், அடுத்த ஆண்டு சி3. எந்தக் கார் ஆலையானாலும் பாடி வெல்டிங் ஃபிக்ஸ்சரில் தகடுகளை அசையாமல் பிடிப்பது டாகிள் கிளாம்ப். மூன்று புள்ளி நேர்கோட்டைத் தாண்டிப் பூட்டும் அதே வித்தைதான். சில இடங்களில் கைக்குப் பதில் காற்றழுத்த சிலிண்டர் அழுத்துகிறது. பிளேயரைப் புரிந்துகொண்டவருக்கு அந்தக் கிளாம்பும் பாதி புரிந்துவிடும்.

எதற்கு எடுக்கலாம், எதற்குக் கூடாது?

தலை மொழுக்கான போல்ட், மரை கெட்டு அங்கேயே சுற்றும் ஸ்டட், வெல்டிங் வைக்கும்வரை இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது, டிரில் போடும்போது சின்னத் துண்டைப் பிடிப்பது – இவை லாக்கிங் பிளேயரின் வேலை. நல்ல நிலையில் இருக்கும் அறுகோண நட்டில் இதை மாட்டக் கூடாது. தாடையின் பற்கள் மூலைகளைத் தின்றுவிடும். அடுத்த முறை ஸ்பேனர் உட்காராது. சுமை தூக்கும் கயிற்றையோ செயினையோ இதால் பிடித்து நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அதிர்வில் நடு ஆணி அந்த நூலளவு பின்வாங்கினாலே பூட்டு முழுதும் விட்டுவிடும்.

15 லட்சம் ஆண்டுக் கைக்கருவி

இந்தியாவின் மிகப் பழைய கைக்கருவிகளில் சில கிடைத்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு பல்லாவரத்தில் அவர் எடுத்த கற்கருவிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குத் தொடக்கம். பின்னர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வில், அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று தெரிந்தது. முடிவு 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. குவார்ட்சைட் கல்லைத் தட்டித் தட்டி, உள்ளங்கைக்கு ஏற்ற வடிவமும் வெட்டும் விளிம்புமாகச் செய்திருக்கிறார்கள். பிடி சரியாக இருந்தால்தான் வேலை சரியாக வரும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. பூண்டியில் 1985 முதல் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள்.

பாடியில் பிறந்த போல்ட்

டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் பாடியில் 1966-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உயர்பல போல்ட்டுகளை இங்கேயே செய்ய முடியும் என்று காட்டிய நிறுவனம். சுரேஷ் கிருஷ்ணா அதை வளர்த்தெடுத்தார். 1990-ல் ஐ.எஸ்.ஓ. 9000 தரச்சான்று பெற்று நாட்டின் முன்னோடிகளில் ஒன்றானது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பி, சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை வாங்கியது. பாடி அடங்கிய அம்பத்தூர் வட்டம் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

வெட்டிய மரை, உருட்டிய மரை

ஆலையில் போல்ட் செய்யும்போது லேத்தில் மரை வெட்டுவதில்லை. சுருள் கம்பியைத் துண்டாக்கி, சூடேற்றாமலே அடித்துத் தலையை உருவாக்குகிறார்கள். பிறகு இரண்டு டைகளுக்கு நடுவே உருட்டி மரையை எழுப்புகிறார்கள். சீவி எடுப்பதே இல்லாததால் உருட்டிய மரையின் வெளிவிட்டம், உருட்டுவதற்கு முன் இருந்த கம்பியைவிடப் பெரிதாக இருக்கும். எஃகின் இழைகள் அறுபடாமல் மரையின் வளைவோடு சேர்ந்து வளைவதால், திரும்பத் திரும்ப வரும் சுமையை லேத்தில் வெட்டிய மரையைவிட அதிகமாகத் தாங்கும். அவசரத்துக்கு லேத்தில் கடைந்து போட்ட போல்ட்டை, அசல் வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்று மூத்த ஃபிட்டர்கள் சொல்வது இதனால்தான்.

தலையில் இருக்கும் எண்

ஒரு போல்ட்டின் தலையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருக்கும். முதல் 8-ஐ 100-ஆல் பெருக்கினால் அறுபடும் பலம்: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8, அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 நியூட்டன் வரை இழுத்தால் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்கிறது. இதைக் கணக்காக்கினால் 12 மி.மீ. 8.8 போல்ட் அறுபட 7 டன்னுக்குச் சற்றுக் குறைவான இழுப்பு வேண்டும். அதே தடிமனில் 4.6 என்று பொறித்த சாதா போல்ட் மூன்றரை டன்னிலேயே அறுந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கழற்றிய இடத்தில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைத்தான் மாட்ட வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டை மெஷினின் முக்கியமான இடத்தில் போடவே கூடாது.

12.9 ஏன் கறுப்பாக இருக்கிறது?

ஆலன் போல்ட்டுகளில் பெரும்பாலானவை 12.9. அவற்றுக்குப் பளபளவென்று துத்தநாக முலாம் பூசினால், பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். இறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்துச் சுமையே ஏறாமல் தலை தெறித்து விழும். அதனால்தான் அவை கறுப்பாகவே வருகின்றன. துருவுக்குப் பயந்து உள்ளூர் முலாம் கடையில் பூசக் கொடுக்காதீர்கள்.

“அந்த 12-13-ஐ எடு”

பட்டறையில் போல்ட்டுக்கு ஓர் அளவு, ஸ்பேனருக்கு வேறோர் அளவு. ஸ்பேனரில் இருப்பது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர். 8-க்கு 13. 10 மி.மீ. போல்ட்டுக்குப் பழைய முறையில் 17, புதிய ஐ.எஸ்.ஓ. முறையில் 16. 12 மி.மீ.க்குப் பழையது 19, புதியது 18. ஜப்பானிய வண்டிகளில் 12, 14 நம்பர் தலைகள் அதிகம். ஒரே மெஷினில் 16-ம் 17-ம் கலந்து கிடந்தால் யாரோ பாதி போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 16-ம் நம்பர் நட்டில் 17 ஸ்பேனரை மாட்டித் திருப்பித்தான் பாதி நட்டுகள் மொழுக்காகின்றன.

பழைய புல்லட்டுக்குத் தனி ஸ்பேனர்

திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் ஆலையின் பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் மரைகள் இருந்தன. மெட்ரிக் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாது. ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைகளுக்கு முதன்முதலாகப் பொது அளவு வகுத்தார். அதன் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் விட்டம். கால் இஞ்ச் ஸ்பேனரின் வாய் கால் இஞ்சைவிட அகலமாக இருப்பது அதனால்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கிடைத்த நட்டை முறுக்கி ஏற்றாதீர்கள். இரண்டு சுற்று ஏறிய பிறகு இறுகினால் அது வேறு மரை.

ஸ்பேனரின் தலை ஏன் சாய்ந்திருக்கிறது?

டபுள் எண்ட் ஸ்பேனரின் வாய், கைப்பிடிக்கு 15 டிகிரி சாய்வாக இருக்கும். அறுகோண நட்டைத் திருப்ப ஒவ்வொரு முறையும் 60 டிகிரி இடம் வேண்டும். மெஷினின் இடுக்கில் அவ்வளவு இடம் இருக்காது. பாதித் தூரம் திருப்பியதும் ஸ்பேனரை எடுத்துக் கவிழ்த்து மாட்டுங்கள். சாய்வு மறுபக்கம் வருவதால் மீதி 30 டிகிரியும் கிடைத்துவிடும். முப்பது டிகிரி இடம் இருந்தாலே எந்த நட்டும் கழன்று வரும்.

நீளத்திலும் ஒரு கணக்கு

10-ம் நம்பர் ஸ்பேனர் குட்டை, 24 நீளம். சின்ன போல்ட் தாங்கும் அளவுக்கு மேல் கைவிசை போகக் கூடாது என்றே நீளத்தை அப்படி வைத்திருக்கிறார்கள். பைப் போட்டு நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிப்பாகும். போல்ட் நீண்டு பலமிழக்கும், அல்லது ஸ்பேனர் வழுக்கி முட்டி உடையும். கழலாத நட்டுக்கு முதலில் துரு எண்ணெய், காத்திருத்தல், சூடு. பைப்பை நாட வேண்டியதில்லை.

நூறில் பத்து

நட்டை இறுக்க நீங்கள் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிப்பாகம் வாஷரோடு உரசுவதில் போய்விடும். இன்னும் 40 சதவீதம் மரைகளின் உரசலுக்கு. போல்ட்டை இழுத்து மூட்டை இறுக்குவதற்கு மிஞ்சுவது சுமார் 10 சதவீதம்தான். மரையில் எண்ணெய் இருந்தால் உரசல் குறைந்து, அதே டார்க்கில் போல்ட் மிக அதிகமாக இழுபடும். துருவும் மண்ணும் இருந்தால் டார்க் ரிஞ்ச் ‘கிளிக்’ என்ற பிறகும் மூட்டு தளர்வாகவே இருக்கும். மேனுவலில் காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கா, எண்ணெய் போட்ட மரைக்கா என்று பார்க்காமல் இறுக்குவது பாதி வேலைதான். வேலை முடிந்ததும் டார்க் ரிஞ்சை அதன் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துபோகாது.

ஸ்பிரிங் வாஷரை நம்பலாமா?

கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் சோதித்துச் சொன்னார்: நட்டைக் கழற்றுவதில் மேலும் கீழுமான அதிர்வைவிடப் பக்கவாட்டு வழுக்கலே பெரிய குற்றவாளி. மூட்டு இடம் வலமாக மயிரளவு வழுக்கினாலும் நட்டு தானாகத் திரும்பத் தொடங்கும். இந்தச் சோதனையில் வழக்கமான ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவவில்லை. கன்வேயர், ரோலிங் மில், வைப்ரேட்டர் போன்ற அதிர்வுள்ள இடங்களில் முதல் பாதுகாப்பு, மூட்டு வழுக்காத அளவுக்குச் சரியான இறுக்கம். அதன் பிறகுதான் ஆப்பு வடிவ வாஷர், மரைப் பசை, காட்டர் பின் எல்லாம்.

டபுள் நட்டில் எது கீழே?

தடிமன் நட்டைக் கீழே இறுக்கி, மெல்லிய செக் நட்டை மேலே போடுவதுதான் பலரின் வழக்கம். சரியான முறை அதற்கு நேர்மாறு. மெல்லிய நட்டு கீழே, தடிமன் நட்டு மேலே. மேல் நட்டை இறுக்கும்போது சுமை முழுவதும் அதன் மரைக்கு மாறிவிடும். அந்தச் சுமையைத் தாங்க அதிக மரை உள்ள தடிமன் நட்டு மேலே இருக்க வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டு சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

உலை அருகே நைலாக் வேண்டாம்

நைலாக் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம்தான் மரையைக் கவ்விப் பிடிக்கிறது. ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது பிடியை இழக்கும். கும்மிடிப்பூண்டியின் உருக்கு உலைகளிலும் ரீ-ரோலிங் மில்லின் சூடான பகுதிகளிலும் முழுக்க உலோகத்தால் ஆன லாக் நட்டையே போட வேண்டும். நைலாக் நட்டு கையாலேயே முழுதும் ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது. தூக்கிப் போடுங்கள்.

இடப்பக்கம் திருப்பினால் இறுகும்

கேஸ் வெல்டிங்கில் கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், அரக்கு நிறம் அசிட்டிலின். ஆக்சிஜன் ரெகுலேட்டருக்கு வழக்கமான வலது மரை. அசிட்டிலின் போன்ற எரியும் வாயுக்களுக்கு இடது மரை. இரண்டையும் மாற்றி மாட்டவே முடியாதபடி செய்த ஏற்பாடு இது. இடது மரை நட்டின் மூலைகளில் சின்ன வெட்டுக் குறி இருக்கும். இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். திரும்பவில்லை என்று பைப் ரிஞ்ச் போட்டு முறுக்குவதற்கு முன்னால் அந்தக் குறியைத் தேடுங்கள்.

சைக்கிளிலும் அப்படித்தான்

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரைதான். காலின் அழுத்தம் பெடல் தண்டைச் சுற்றிச் சுற்றி வருவதால், வலது மரை போட்டிருந்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டக் கழன்று விழும். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களும் 1900 வாக்கில் இந்த இடது மரைப் பெடலைப் போட்டு விற்றார்கள்.

உப்புக் காற்று

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களும் கடற்கரையோரம். இங்கே வெறும் எஃகு போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளிப்புற வேலைக்குச் சூட்டில் துத்தநாகத்தில் தோய்த்த ‘கால்வனைஸ்’ போல்ட் நல்லது. அந்தப் பூச்சு தடிமனானது. அதற்கு இடம் விட்டு நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். அந்த நட்டைச் சாதா போல்ட்டில் மாட்டினால் மரை மேலாகத்தான் பிடிக்கும். போல்ட்டும் நட்டும் ஜோடியாகவே வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் கடற்கரைக்கு ஏ2-வைவிட ஏ4 தாங்கும்.

ஸ்டெயின்லெஸ் நட்டு நடுவழியில் நின்றால்

ஸ்டெயின்லெஸ் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் வேகமாக ஏற்றும்போது மரைகள் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஒட்டாமல் தடுக்கும் களிம்பு தடவி, கையால் மெதுவாக ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

குறித்த நேரத்தில் விட வேண்டிய பிடி

பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ல் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் புறப்பட்டது. உலகின் பல ராக்கெட்டுகளில் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொள்வது மார்மன் வளையம். இரண்டு விளிம்புகளைச் சுற்றிக் கட்டும் உலோகப் பட்டை அது. குறித்த நொடியில் சின்ன வெடிமருந்து அதன் போல்ட்டை அறுத்ததும் பட்டை விலகி, செயற்கைக்கோள் விடுபடும். இந்த வளையத்துக்குப் பெயர் தந்த நிறுவனம் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஸெப்போ மார்க்ஸ் நடத்தியது. விடாமல் பிடிப்பதும், விட வேண்டிய நேரத்தில் விடுவதும் ஒரே பொறியியலின் இரு பாதிகள்.

யார் செய்தது, எப்போது?

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்: ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன், 1892. பைப் ரிஞ்ச்: அமெரிக்காவின் டேனியல் ஸ்டில்சன், 1870 வாக்கில். ஆலன் திருகு: வில்லியம் ஆலன், 1910. ஸ்டார் ஸ்குரூ: ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்றார். சுவரில் போடும் பிளாஸ்டிக் பிளக்: ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர், 1958. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை அசையாத தாடையின் மேல் விசை விழும்படி திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் நகரும் தாடை தளர்ந்து நட்டு வழுக்கும்.

ரப்பர் பிடி போதாது

பிளேயரின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் கரண்ட் அடிக்காது என்று நம்புவது தவறு. அந்த உறை கை வழுக்காமல் இருக்கப் போட்டது. மின்காப்புக்காகவே செய்த கருவியில் 1000 வோல்ட் என்ற குறியும் இரட்டை முக்கோண முத்திரையும் இருக்கும். அதிலும் உறையில் கீறலோ ஓட்டையோ விழுந்தால் மின்வேலைக்கு எடுக்கக் கூடாது. கரண்ட் நிற்கிறதா என்று டெஸ்டரால் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

எங்கே வாங்குவது?

நல்ல கருவிக்குச் சென்னையின் லிங்கிச் செட்டித் தெருவும் செம்புதாஸ் தெருவும் தலைமுறைகளாகப் பெயர் பெற்றவை. நாட்டில் கைக்கருவிகள் பெருவாரியாகத் தயாராவது பஞ்சாபின் ஜலந்தர், லூதியானாவில். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் தொடங்கிய டபாரியாவின் பெயர் இங்கே ஒவ்வொரு பட்டறையிலும் ஒலிக்கும். மலிவு இறக்குமதியைத் தடுக்க, 2024 ஜனவரியில் மத்திய அரசு கிலோ 129 ரூபாய்க்குக் குறைவான சில வகைத் திருகுகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. வாங்கும்போது பில் கேளுங்கள். தாடை இரண்டும் வெளிச்சம் புகாமல் சேர்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

ஃபிட்டர் படிப்பு

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. அரம் பிடித்து ஓர் இரும்புத் துண்டை மட்டமாகத் தேய்ப்பதில் தொடங்கும். மெஷின் வெட்டித் தரும் காலத்தில் இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மயிரளவு வித்தியாசத்தைக் கையால் உணரும் பழக்கம் அங்கேதான் வருகிறது. பிற்காலத்தில் நட்டு சரியாக ஏறுகிறதா, குறுக்கே ஏறுகிறதா என்று முதல் சுற்றிலேயே சொல்வது அந்தக் கைதான். இந்தத் தொழிற்பேட்டைகளில் அந்தக் கைக்கு வேலை இருக்கிறது. உரிய மதிப்பும் சம்பளமும் கிடைக்க வேண்டும்.

எப்போது தூக்கிப் போடுவது?

வாய் விரிந்த ஸ்பேனர், தலை காளானாக விரிந்த உளி, பற்கள் தேய்ந்த பிளேயர், கைப்பிடி இல்லாத அரம். நான்கும் விபத்துக்கு நாள் குறித்துக் காத்திருப்பவை. விரிந்த உளியின் விளிம்பிலிருந்து தெறிக்கும் சில் கண்ணைப் பறிக்கும். இருப்புக் கணக்கில் இருக்கிறதே என்று இவற்றைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் ஸ்டோர்கள் அதிகம். கும்மிடிப்பூண்டியின் இண்டக்ஷன் உலைகள் பழைய இரும்பைத்தான் உருக்குகின்றன. நீங்கள் கழித்துக் கட்டும் ஸ்பேனர் பில்லட்டாகி, முறுக்குக் கம்பியாகி, யாரோ ஒருவரின் வீட்டுக் கான்கிரீட்டில் போய்ச் சேரும். இரும்பு வீணாகாது, விரல் போனால் திரும்ப வராது. நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன், சூப்பர்வைசர்களும் ஸ்டோர் கீப்பர்களும் டூல் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சரியில்லாததை அன்றைக்கே ஸ்கிராப்பில் போட்டுவிட்டு, புதியதற்கு இண்டென்ட் எழுதுங்கள்.